சாமியாரு சொன்னாரு, ஒப்பு போட்டேன்

குளச்சல் கடற்கரையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. சுனாமி, ஒக்கி, மணவாளக்குறிச்சி மணல், இனயம் துறைமுகத் திட்டம், மீன் விற்கும் பெண்களின் வருமானம், ஆண்களின் குடி, கந்துவட்டி, வளைகுடாவுக்குப் போன பையன்கள் என்று தலைப்புதான் மாறும். எம்.எஸ்.டபிள்யூ. புராஜெக்ட் என்று ஒரு பிள்ளை வரும், பிஎச்.டி. என்று இன்னொன்று வரும். தோளில் பை, கையில் கேள்வித்தாள் கட்டு, முகத்தில் கொஞ்சம் பயம். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவள், கொஞ்சம் எழுதுகிறவள் என்பதால் யாராவது அவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலரோடு வீடு வீடாகக் கூடப் போயிருக்கிறேன்.

பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மனுஷியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு போவதற்கு முன்னால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நியூரம்பெர்க் 1947, ஹெல்சிங்கி 1964, பெல்மாண்ட் 1979 என்று உலக வரலாறெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைக்கு அதைப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது நம்ம ஊர்த் திண்ணையைப் பற்றி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. எங்கள் கடற்கரைக் கிராமங்களில் கத்தோலிக்கக் கோவில் வெறும் வழிபாட்டு இடமல்ல. வள்ளத் தகராறு, வலைத் தகராறு, கல்யாண ஓலை, ஞானஸ்நான சர்டிபிகேட், கோவிலுக்குக் கட்ட வேண்டிய மீன் பங்கு, நிவாரணம் வந்தால் அதற்கான பட்டியல் எல்லாம் பங்குத்தந்தை வழியாகவோ பங்குப்பேரவை வழியாகவோ போகும். அதனால் ஆய்வுக்கு வரும் மாணவர் முதலில் போவது சாமியார் பங்களாவுக்கு. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுப்பார். சாமியாரும் நல்லெண்ணத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவிப்புகளோடு அறிவிப்பாகச் சொல்லிவிடுவார்: "காலேஜ்ல இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு. வீட்டுக்கு வந்தா ஒத்துழைப்பு குடுங்க." மறுநாள் அன்பியம் என்கிற பங்கின் சிறு குழுவுக்குத் தலைவி ஒருத்தி கூடவே நடந்து வீடுகளைக் காட்டுவாள்.

இப்போது சொல்லுங்கள், எந்தப் பெண் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்வாள்? அறிவிப்பு பலிபீடத்திலிருந்து வந்திருக்கிறது, அன்பியத் தலைவி வாசலில் நிற்கிறாள், அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியிருக்கிறது. படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடத்தான் செய்வாள். எங்கள் தெரு மயினி ஒருத்தியிடம், "அதுல என்ன எழுதியிருந்தது, வாசிச்சியா?" என்று கேட்டேன். "சாமியாரு சொன்னாரு, ஒப்பு போட்டேன். நமக்கென்ன தெரியும் மக்களே" என்றாள். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். "தாங்கள் இவ்வாய்வில் தன்னார்வத்துடன் பங்கேற்க இசைவளிக்கிறீர்கள்" என்று அச்சடித்திருந்தது. நானே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐ.சி.எம்.ஆர்., 1980இல் ஒரு கொள்கை அறிக்கையோடு தொடங்கி 2000, 2006, 2017 என்று தன் நெறிமுறைகளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. 2017 பதிப்பு இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர், சமூகத் தலைவர், நிறுவனத் தலைவர் ஆகியோரிடம் அனுமதி கேட்பது முறைதான். ஆனால் அந்த அனுமதி தனி மனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது. அவரிடம் தனியாகக் கேட்டே ஆகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். அன்பியத் தலைவி அந்தச் சாட்சி ஆகமாட்டாள், அவள் சாமியார் அனுப்பிய ஆள்.

பெரியவர் ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சம்மதம் கொடுத்துவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கம்மம் ஒரு சாட்சி. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி குறித்த ஒரு திட்டம் நடந்தது. ஊசி போடப்பட்டவர்களில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளும் உண்டு. பல இடங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். சில சிறுமிகளின் மரணச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தக் கையெழுத்துகளை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசியைப் பற்றிய கேள்வி வேறு, ஒப்புதல் வாங்கிய விதம் வேறு.

நான் பார்த்த வரையில் ஒப்புதலைச் சரியாக வாங்கியது ஒரே ஒரு மாணவிதான். அவளும் சாமியாரைப் பார்த்தாள், அனுமதி வாங்கினாள், ஆனால் கோவிலில் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். முதல்நாள் வீடுகளுக்குப் போனபோது எதுவும் கேட்கவில்லை. "இதுக்குத்தான் வந்திருக்கேன். நாளைக்கு இதே நேரத்துக்கு வருவேன். இஷ்டமில்லேன்னா கதவைச் சாத்திக்கோங்க அக்கா, நான் தட்டமாட்டேன். யார் பேசினா, யார் பேசலைன்னு சாமியார்கிட்ட சொல்லவும் மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் சில வீடுகளில் கதவு சாத்தியே இருந்தது. அவள் தட்டவில்லை. தன் ஆய்வேட்டில் 'மறுத்தவர்கள்' என்று ஒரு வரியில் அந்த எண்ணிக்கையையும் எழுதினாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்த வரி பிடிக்கவில்லையாம். எனக்கு அந்த ஆய்வேட்டிலேயே பிடித்த வரி அதுதான். நூறு பேரைக் கேட்டு நூறு பேரும் சம்மதித்ததாக எந்த ஆய்வேட்டிலாவது கண்டால், அங்கே மறுக்க வழியே இருந்திருக்காது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குமரி மாவட்டத்தில் 800 பேர் அளவில் போனார்கள். குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் இழப்பு அதிகம். ஓடியவர்களில் எத்தனையோ பேர் ஏ.வி.எம். கால்வாயில் சிக்கி மாண்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் மனநல அளவுகோல்களோடு மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். அதில் ஒன்று ரொம்பப் பிரபலம், சுருக்கமாக ஐ.இ.எஸ்.-ஆர். என்பார்கள். மொத்தம் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். "இல்லவே இல்லை" என்றால் 0, "மிக அதிகம்" என்றால் 4. கடந்த 7 நாட்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாலையில் இந்தத் தாளை ஒரு சித்தியிடம் கேட்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் எல்லாம் முழங்கை வரை ஒட்டியிருந்தது. தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி. சித்தி, "ராத்திரி முழிப்பு வரும்" என்றாள். "எவ்வளவு வரும்மா? கொஞ்சமா, மிதமா, அதிகமா?" என்று மாணவி கேட்டாள். சித்தி மீனைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். "எனக்க சின்னவன் ராத்திரி கடலுக்குப் போனா வரும். போகலேன்னா வராது. இதுல எதைப் போடுவ?" மாணவி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 2இல் வட்டம் போட்டாள். அடுத்த கேள்வியில் சித்தி பேச்சை நிறுத்திவிட்டாள். கை மட்டும் மீனை அறுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொண்டுவரலாமா, எழுந்து போகலாமா, அடுத்த கேள்விக்குப் போகலாமா என்று மாணவிக்குத் தெரியவில்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

துக்கத்தைக் கிளறும் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டால்தான் சிகிச்சை வரும், திட்டம் வரும். ஆனால் கேட்டபின் அந்த மனுஷி உடைந்தால் என்ன செய்வோம் என்பதற்கு, கிளம்பும் முன்னாலேயே ஏற்பாடு வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது, அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். மறுநாள் ஒருதடவை போய், "நேத்து நான் கேட்டதுல மனசு கஷ்டப்பட்டீங்களா சித்தி?" என்று விசாரிக்கலாம். இதற்கெல்லாம் எந்த நிதியும் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து குளச்சல் வரும் பஸ் டிக்கெட் போதும்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் இதே கதைதான். அங்கே அதுல சுமதிபால என்ற மனநல மருத்துவரும் சிசிர சிறிபத்தனவும் 2005லேயே லான்செட் இதழில் இதைப்பற்றி எழுதினார்கள். பேரிடர் நடந்த இடத்தில் ஆராய்ச்சியும் நிவாரணமும் ஒன்றோடொன்று குழம்பிப்போவதையும், வெளியிலிருந்து வந்து இறங்கித் தரவை அள்ளிக்கொண்டு போகிறவர்களையும் பற்றி அப்போதே எச்சரித்தார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆராய்ச்சிக்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது அந்த அத்தியாயம் எத்தனை பேர் கைக்குப் போயிருந்தது என்பது வேறு கதை.

ஒக்கியில் அதிகம் அடிபட்டது எங்களுக்கு மேற்கே, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கம். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போனவர்கள் பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். உடல் கிடைக்காதவர் இறந்தவராகக் கருதப்பட 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட விதி எல்லோரையும் பீதியில் வைத்திருந்தது. அதைத் தளர்த்தித்தான் பிறகு 20 லட்சம் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த வாரங்களில் கையில் நோட்டோடு யார் வந்தாலும் ஒன்றுதான் நினைப்பார்கள், லிஸ்ட் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று. தாசில்தார் ஆபீஸ் ஆள், மறைமாவட்ட ஆள், டிவிக்காரர், தொண்டு நிறுவனம், ஆய்வு மாணவர் யார் யார் என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் எவரும் இல்லை. "பேரை எழுதிட்டுப் போங்க மோளே, ஏதாவது வந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கணவனின் போட்டோவையும் ஆதார் நகலையும் கொடுத்தவர்கள் உண்டு. அந்த நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட மாணவர்களும் உண்டு.

இங்கேதான் மாணவரின் பொறுப்பு தொடங்குகிறது. "நான் அரசாங்க ஆளில்லை, என்னிடம் சொல்வதால் உங்களுக்கு ஒரு காசும் வராது, சொல்லாவிட்டாலும் ஒரு காசும் குறையாது" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மீதிப் பேர் அதற்குப் பிறகும் உட்கார்ந்து பேசினால் அதுதான் சம்மதம்.

அடுத்தது பெயர் மறைப்பது. இதில் எல்லா மாணவர்களும் தங்களைப் பத்திரமாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயரை மாற்றியாச்சு, ஊரை 'கிராமம் அ' என்று போட்டாச்சு, வேலை முடிந்தது. "குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தின் பங்குப்பேரவை முன்னாள் பொறுப்பாளர், வயது 52, இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், மூத்த மகள் பெங்களூரில் நர்ஸ்" என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தால், அதைப் படிக்கும் டெல்லிப் பேராசிரியருக்கு வேண்டுமானால் ஆள் தெரியாது. இங்கே ஏலக்கூடத்தில் நிற்கிற சின்னப் பையன்கூடப் பெயரைச் சொல்லிவிடுவான்.

அமெரிக்க மானுடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது 1974-75இல் அயர்லாந்தின் ஒரு சின்னக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அங்குள்ள மனநோயையும், கல்யாணமாகாமல் தனித்து நிற்கும் ஆண்களையும் பற்றி 1979இல் புத்தகம் வந்தது. ஊருக்குப் புனைபெயர் வைத்திருந்தார். புத்தகத்துக்கு விருதும் கிடைத்தது. ஆனால் புனைபெயர் ஒன்றையும் மறைக்கவில்லை. அயர்லாந்துப் பத்திரிகை எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு ரகசியங்களை அச்சில் படித்தார்கள். இருபது வருஷம் கழித்து 1999இல் அவர் திரும்பிப் போனபோது ஊர் அவரை வெளியே போகச் சொன்னது. ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, ஊரில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்போது நம்மூர் ஆய்வேடுகள் எல்லாம் சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடுகின்றன. கடற்கரையில் வீட்டுக்கொரு பட்டதாரி இருக்கிறான். அவன் தேடிப் படிப்பான், அம்மாவிடமும் சொல்வான்.

என்ன செய்யலாம்? விவரங்களைக் கலைத்துப்போடலாம். இரண்டு பேர் சொன்னதை ஒருவராக்கலாம், வயதை மாற்றலாம், மகளை நாகர்கோவிலுக்கு அனுப்பலாம். அதைவிட நல்லது, எழுதியதைச் சம்பந்தப்பட்டவரிடமே திரும்பக் கொண்டுபோய்த் தமிழில் வாசித்துக் காட்டி, "இது இருக்கலாமா?" என்று கேட்பது. பேச ஒப்புக்கொண்டவர் அச்சில் வர ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பேசும்போது மனசு திறக்கும், மறுநாள் பயம் வரும். அந்த மறுநாளுக்கும் மாணவர் பதில் சொல்ல வேண்டும்.

பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் பேச்சுவாக்கில் எவ்வளவோ சொல்வார்கள். எல்லை தாண்டிப்போனது, டீகோ கார்சியா பக்கம் பிடிபட்டது, தடைசெய்த வலை, விளக்கு போட்டு மீன் பிடித்தது. துறைமுகத்துக்கு எதிரான போராட்டத்தில் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதுகூட வரும். மாணவரின் செல்போனில் எல்லாம் ஆடியோவாக, அதுவும் பெயரோடு சேமித்த ஆடியோவாக இருக்கும். போலீஸ் கேட்டால்? நம் சாட்சியச் சட்டம், 1872இன் பழையதானாலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதியதானாலும் சரி, வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கும் காப்பு கொடுக்கிறது. ஆய்வு மாணவரிடம் மீனவர் சொன்னதற்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது.

அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் பிஎச்.டி. மாணவர் இருந்தார். விலங்குரிமைப் போராளிகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அத்துமீறல் நடந்தது தொடர்பாக, தன்னிடம் பேசியவர்கள் சொன்னதை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்ததற்காக 1993இல் 159 நாள் சிறையில் இருந்தார். அப்படிச் சிறைக்குப் போங்கள் என்று எந்த மாணவரிடமும் நான் கேட்கமாட்டேன். போகத் துணிச்சல் இல்லாதவர்கள் அப்படிப்பட்டதைப் பதிவு செய்யாமலாவது இருக்கலாம். "அண்ணா, இதைச் சொல்லவேண்டாம், எனக்கு இது தேவையில்லை" என்று ரெக்கார்டரை அணைப்பதும் ஆராய்ச்சி ஒழுக்கம்தான். காப்பாற்ற முடியாததை வாங்கி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெண்களிடம் கேட்கப் போகும்போது இன்னொரு சங்கடம். கணவனின் குடியைப் பற்றிய கேள்வித்தாளை, கணவன் திண்ணையில் பீடி குடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்ட மாணவரைப் பார்த்திருக்கிறேன். "இல்ல தம்பி, அவியளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல" என்று பதில் வந்தது. தெருவே சிரித்திருக்கும். அந்தப் பதில் இன்று ஏதோ ஒரு அட்டவணையில் சதவீதமாக உட்கார்ந்திருக்கிறது. அது தப்பான தரவு மட்டுமல்ல. மாணவர் போனபிறகு அந்த வீட்டில் "உன்கிட்ட ஏன் அதைக் கேட்டான்?" என்று தொடங்கியிருக்கும் சண்டைக்கு யார் பொறுப்பு?

சரி, மாணவர்கள் பக்கமும் பேச வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. வழிகாட்டி "இருநூறு சாம்பிள் முடிஞ்சுதா?" என்று மட்டும்தான் கேட்பார். சினாப்சிஸ் தேதி நெருங்கும். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து, மீதமிருக்கும் தாள்களைத் தானே வட்டம்போட்டு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். டீக்கடைக்காரருக்கே தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் விசாரணை. அதைச் சோதிக்க மென்பொருள் உண்டு. டீக்கடையில் நிரப்பிய தாளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று மானியக் குழு 2019 இறுதியில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்று 2 கிரெடிட் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு அலகுகள்: தத்துவமும் அறமும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு அறம், திறந்தநிலை வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் அளவீடுகளும். நல்ல பாடம். ஆனால் பாதிக்கு மேல் அச்சுக்குப் போகும் கட்டுரையைப் பற்றியது. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரிடம் போய்க் கேள்வி கேட்பது பற்றித் தனி அலகு ஒன்றுகூட இல்லை. இன்னொருவர் எழுத்தைத் திருடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோம், இன்னொருவர் துக்கத்தை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

மருத்துவ ஆராய்ச்சிக்காவது 2019 முதல் சட்டப்படி பதிவு செய்த நெறிமுறைக் குழு வேண்டும். சமூகப்பணி, பொருளாதாரம், வணிகவியல், கல்வியியல், தமிழ் என்று மற்ற துறைகளில் வரும் மாணவர்களை அந்தச் சட்டம் தொடாது. மும்பையின் செஹாட் நிறுவனம் 2000லேயே சமூக அறிவியல் ஆய்வுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அதைப் படித்த வழிகாட்டி கிடைத்தால் அந்த மாணவரின் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பாரம் முழுக்க மாணவர் தலையில்.

குழு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் கடற்கரையில் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ஓடுவது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான், ஆர்.சி.சி. என்போம். அங்கே 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு சோதனை மருந்தைக் கட்டிக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். மருந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருடையது. ஆர்.சி.சி.யிலேயே வேலை பார்த்த ஒரு மருத்துவர் எதிர்ப்பு தெரிவித்ததால்தான் 2001இல் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் விசாரணை முடிவைச் சொன்னது. தங்கள் குழுவின் அனுமதி வாங்கவில்லை, விலங்குகளில் போதிய பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை, அந்தப் பேராசிரியர் இனி மனிதர்கள் மீதான ஆய்வுக்குத் தலைமை ஏற்கக் கூடாது. இரண்டு பெரிய நிறுவனங்கள், இரண்டு நாடுகள், இத்தனை படிவங்கள். கடைசியில் வேலை செய்தது ஒரு மனிதரின் வாய்தான். வழிகாட்டி சொன்னார், துறைத்தலைவர் சொன்னார் என்று மாணவர் தப்பிக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பது வழிகாட்டி அல்ல, அவர்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் எங்கள் ஊருக்கு வராமல் இருந்துவிட வேண்டாம். மானுடவியலாளர்கள் கல்பனா ராமும் அஜந்தா சுப்பிரமணியனும் இந்தக் கடற்கரையில் தங்கி ஆய்வு செய்து எழுதிய புத்தகங்கள் இல்லையென்றால், எங்களைப் பற்றி வெளியே தெரிந்திருப்பது மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையும் வெற்றித்தூணும் மட்டும்தான். ஆனால் வந்தவர்கள் முடித்தபின் ஒருதடவை திரும்பி வரட்டும். ஆய்வேட்டின் சாரத்தை நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அன்பியக் கூட்டத்திலோ வலை பின்னும் இடத்திலோ வாசிக்கட்டும். தப்பு இருந்தால் எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள், அது இலவச வைவா.

கடைசியாக என் ஊர்க்காரர்களுக்கு. அடுத்த தடவை யாராவது கேள்வித்தாளோடு வந்தால் பயப்படாதீர்கள், விரட்டவும் வேண்டாம். எந்தக் காலேஜ், யார் வழிகாட்டி, எதற்காக, எங்கே வெளியிடுவீர்கள் என்று கேளுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் எழுந்து போகலாம். நேற்றுச் சொன்னதை இன்று வேண்டாம் என்று சொல்லலாம். எதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. யார் அனுப்பி வந்திருந்தாலும், சாமியாரே அனுப்பியிருந்தாலும் இது பொருந்தும். ஒப்பு போடுவதானால் அந்தப் படிவத்தின் ஒரு நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்ல ஒரு போன் நம்பர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பு போடாதீர்கள்.